குடும்பத்தோடு உம்ரா: பயணத்தின் வேகத்தை யார் தீர்மானிப்பது?

ஒரு காலத்தில் நம் ஊர்களிலிருந்து ஒருவர் மக்காவுக்குப் போகிறார் என்றால் அது பெரும்பாலும் ஹஜ்ஜுக்காகத்தான் இருக்கும். பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வயது அறுபதைத் தொடும்போது பம்பாய்க்கு ரயில் ஏறுவார்கள். அங்கிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். போகும் முன் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். திரும்பி வருவோமா என்பது அவர்களுக்கே நிச்சயமில்லை. அந்த ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-இல் நின்றுபோனது. இன்று சென்னையில் விமானம் ஏறினால் சுமார் ஆறு மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடலாம்.

பயணம் எளிதானதும் போகிறவர்களும் மாறிவிட்டார்கள். இப்போது குடும்பமே போகிறது. கைக்குழந்தையோடு இளம் தம்பதி, பொதுத்தேர்வு முடித்த மகள், முட்டிவலியுள்ள நன்னிமா, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வாப்பா என மூன்று தலைமுறை ஒரே குழுவில் கிளம்புவது சாதாரணமாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், நம் முன்னோர் நினைத்தும் பார்க்காத வாய்ப்பு இது.

ஆனால் குடும்பமாகப் போனாலும் திட்டம் போடுவது தனி ஆளுக்கான திட்டமாகவே இருக்கிறது. எத்தனை உம்ரா, எத்தனை தவாஃப், எத்தனை ஜியாரத் இடங்கள் என்று திடகாத்திரமான ஓர் ஆணின் கணக்கில் எல்லாம் முடிவாகிறது. ஊர் திரும்பியதும் பெண்கள் மத்தியில் மெதுவாக ஒரு பேச்சு வரும்: “அவர் நாலு உம்ரா செஞ்சார், நான் ரூம்ல பிள்ளையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.” பெரியவர்கள் அதைக்கூடச் சொல்லமாட்டார்கள். பத்து நாளில் இரண்டு முறைதான் ஹரமுக்குள் போக முடிந்தது என்பது அவர்கள் மனதோடு நின்றுவிடும்.

குடும்பத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவருடைய நடைக்கு ஏற்ப முழுப் பயணத்தையும் அமைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது. இது வெறும் வசதிக்காகச் சொல்லும் யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். உம்ரா, ஹஜ் அமல்களின் வரலாற்றையே எடுத்துப் பார்ப்போம்.

ஸயீ எங்கிருந்து வந்தது? வயதில் மூத்த கணவர் இறைக்கட்டளைப்படி விட்டுச் சென்றபின், பால்குடிக் குழந்தையோடு தனித்து நின்ற அன்னை ஹாஜர் (அலை) அவர்கள் தண்ணீர் தேடி ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஓடிய ஓட்டம் அது. இன்று பச்சை விளக்குள்ள பகுதியில் ஆண்கள் ஓடுகிறார்கள், பெண்கள் நடந்தால் போதும் என்பது சட்டம். ஒரு தாயின் பதற்றத்தை இத்தனை நூற்றாண்டு ஆண்களை ஓடவைத்து நினைவூட்டுகிறான் அல்லாஹ்.

நபி (ஸல்) அவர்கள் தம் ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மீதமர்ந்து தவாஃப் செய்திருக்கிறார்கள். கையிலிருந்த கோலால் ஹஜருல் அஸ்வதைத் தொட்டார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தே தவாஃப் செய்துகொள்ளச் சொன்னார்கள். உடல் பருத்து மெதுவாக நடக்கக்கூடிய ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்டம் நெருக்குமுன் முஸ்தலிஃபாவிலிருந்து கிளம்ப அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. அதே இரவில் குடும்பத்தின் பலவீனர்களோடு முன்கூட்டி அனுப்பப்பட்டவர்களில் தாமும் ஒருவர் என்று, அப்போது சிறுவராக இருந்த இப்னு அப்பாஸ் (ரலி) பின்னாளில் அறிவித்தார்கள். ரவ்ஹா என்ற இடத்தில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டி, இதற்கும் ஹஜ் உண்டா என்று கேட்டார். உண்டு, உனக்கும் கூலி உண்டு என்ற கருத்தில் பதில் வந்தது. ஸாயிப் பின் யஸீத் (ரலி) நபிகளாரோடு ஹஜ்ஜுக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவருக்கு வயது ஏழு.

ஆக அந்தக் குழுவிலும் குழந்தைகளும் நோயாளிகளும் நடக்கச் சிரமப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக யாரும் முகம் சுளித்ததாக நாம் படிக்கவில்லை.

பணமும் பயணம் சொல்வதும்

ஏஜென்சியைத் தேடுமுன் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியது பணம். ஷாஃபிஈ மத்ஹபின் பலமான கருத்துப்படி வாழ்நாளில் ஒருமுறை உம்ரா செய்வது கடமை. ஹனஃபி மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். இரண்டிலும் சக்தி உள்ளவருக்குத்தான் பேச்சு. தவணை முடிந்த கடனை வைத்துக்கொண்டு, கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் கிளம்புவதை மார்க்க அறிஞர்கள் ஏற்பதில்லை. வட்டிக்கு நகையை வைத்தோ, கடன் அட்டையில் தவணை போட்டோ உம்ராவுக்குப் போவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் “இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்” என்ற விளம்பரங்கள் நம் கைப்பேசிக்கும் வரத்தான் செய்கின்றன.

யமன் நாட்டிலிருந்து சிலர் கைப்பொருள் எதுவும் எடுத்துக்கொள்ளாமல், நாங்கள் அல்லாஹ்வையே நம்பியிருக்கிறோம் என்று சொல்லி ஹஜ்ஜுக்கு வருவார்களாம். மக்காவில் இறங்கியதும் மக்களிடம் கையேந்துவார்களாம். பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் குர்ஆன் வசனம் இறங்கியது அந்தப் பின்னணியில்தான் என்று புகாரியில் வருகிறது.

செலவு கூடிப்போவதற்கு நாமும் ஒரு காரணம். பயணம் சொல்லும் அழகான வழக்கம் சில ஊர்களில் விருந்தாக மாறி, விருந்து மண்டபமாகி, இப்போது தெருமுனையில் குடும்பப் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் வரை வந்து நிற்கிறது. அந்தப் பணத்தில் வீட்டிலுள்ள பெரியவருக்கு ஹரமுக்கு இன்னும் நெருக்கமான அறை எடுக்கலாம். பயணம் சொல்வதன் உயிர் மன்னிப்புக் கேட்பதில் இருக்கிறது. பேச்சுவார்த்தை அறுந்துபோன மாமியிடமும் சொத்துத் தகராறில் இருக்கும் காக்காவிடமும் போய்விட்டு வருவதுதான் கடினம். ஐந்நூறு பேருக்குப் பிரியாணி போடுவது அதைவிட எளிது.

நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், நாட்களை எண்ணுங்கள்

ஹஜ்ஜுக்கு இருப்பதுபோல் உம்ராவுக்கு ஹஜ் கமிட்டியின் ஏற்பாடு கிடையாது. நாம் போவது தனியார் ஏஜென்சிகள் மூலமாகவோ, சொந்த ஏற்பாட்டிலோதான். ஏஜென்சி விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது ஹோட்டலின் நட்சத்திரம். குடும்பமாகப் போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு.

முதலாவது, ஹோட்டலின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். “அல்லது அதற்கு இணையான ஹோட்டல்” என்ற வரி இருந்தால் அதன் பொருள் என்ன என்று கேட்க வேண்டும். இரண்டாவது தூரம். “ஹரமிலிருந்து 500 மீட்டர்” என்பது வெளிமுற்றத்தின் ஓரம் வரைக்குமான கணக்காக இருக்கலாம். அங்கிருந்து கஅபாவைப் பார்க்க இன்னும் நடக்க வேண்டும். அஜ்யாத் பக்கம் போனால் சாலை மேடாக ஏறும். இப்ராஹீம் கலீல் சாலையில், மிஸ்ஃபலா பக்கம் நம்மவர்கள் நிறையத் தங்குவார்கள், உணவகங்களும் கிடைக்கும். ஆனால் உள்ளே தள்ளிப் போகப்போக நடை கூடும். அஸீஸிய்யாவில் அறை என்றால் பேருந்தை நம்பித்தான் இருக்க வேண்டும். தொழுகை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் பேருந்துக்கு நிற்கும்போது தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் யார் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: மக்காவில் எத்தனை நாள்? மூன்று நாள் மக்கா, மற்றது மதீனா, நடுவில் சுற்றுலா என்று போடப்படும் திட்டங்கள் மாதவிடாய் வரும் பெண் இருக்கிற குடும்பத்துக்குப் பொருந்தாது. காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதப் பள்ளி விடுமுறையில்தான் நம்மில் பலருக்கு வசதி. அப்போது மக்காவில் பகல் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும். 2024 ஜூன் ஹஜ்ஜின்போது அது 50-ஐயும் தாண்டியது. அந்த மாதங்களில் போவதானால் லுஹருக்கும் அஸருக்கும் நடுவே சிறுவர்களும் பெரியவர்களும் வெளியே இறங்கக் கூடாது. உம்ராவை இரவில்தான் செய்ய வேண்டும். ரமலானில் செய்யும் உம்ராவுக்கு உள்ள சிறப்பு ஹதீஸில் தெளிவாக வந்திருக்கிறது. அந்தச் சிறப்பை நாடி வரும் கூட்டமும் அந்த அளவுக்கு இருக்கும். கைக்குழந்தையோ சக்கர நாற்காலியோ உள்ள குடும்பம் முதல் பயணத்தை வேறு மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பதே நம் கருத்து.

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றி ஏஜென்சியிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும் என்பதால், கடைசி வாரத்தில் ஓடினால் பயன் இருக்காது. ஸயீ மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடை. தவாஃபும் சேர்ந்தால், அதிலும் மேல்தளத்தில் சுற்ற நேர்ந்தால், இன்னும் பல கிலோமீட்டர் கூடும். ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே சுபுஹுக்குப் பின் குடும்பமாக நடந்து பழகினால் அங்கே கால் ஒத்துழைக்கும்.

பெண்கள் தயங்கிக் கேட்கும் கேள்வி

விமானம் ஏறும் நாளில் மாதவிடாய் வந்துவிட்டால் என்ன செய்வது? இதைக் கணவரிடம் சொல்லவே கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நபிகளாரோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மக்காவுக்கு அருகில் ஸரிஃப் என்ற இடத்தில் இதே நிலை வந்தது. அழுதுகொண்டிருந்தவரிடம், இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்த ஒன்று என்று ஆறுதல் சொல்லி, கஅபாவைத் தவாஃப் செய்வதைத் தவிர மற்ற ஹாஜிகள் செய்யும் எல்லாவற்றையும் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

அதனால் மாதவிடாயோடு இருப்பவர் மீக்காத்தில் மற்றவர்களைப் போலவே நிய்யத் வைத்து, தல்பியா சொல்லி இஹ்ராமுக்குள் நுழைய வேண்டும். மீக்காத்தை இஹ்ராம் இல்லாமல் கடந்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மக்கா வந்தபின் சுத்தமாகும் வரை இஹ்ராமின் கட்டுப்பாடுகளோடு காத்திருந்து, குளித்துவிட்டுத் தவாஃபும் ஸயீயும் செய்ய வேண்டும். தவாஃப் முடித்தபின் மாதவிடாய் தொடங்கினால் ஸயீயைத் தொடரலாம். ஸயீக்குச் சுத்தம் நிபந்தனையில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

காத்திருக்க ஏழெட்டு நாள் தேவைப்படலாம். மக்காவில் மூன்றே நாள் என்ற திட்டம் ஏன் ஆபத்தானது என்பது இப்போது புரியும். குழுவின் பேருந்து மதீனாவுக்குக் கிளம்ப, இவர் இஹ்ராமோடு தவிக்க, கணவர் ஏஜென்சியோடு சண்டையிட என்று பயணம் கசந்துபோகும். தேதியை முடிவு செய்யும் முன்பே இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பார்க்கச் சொல்லும் உரிமை பெண்களுக்கு உண்டு, கேட்கும் கடமை ஆண்களுக்கு உண்டு. மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை, உடலுக்குக் கேடில்லை என்றால், அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் சாப்பிட்டதை நாமும் வாங்கிச் சாப்பிடாமல், ஒரு பெண் மருத்துவரிடம் போய்க் கேட்பதே சரி. சிலருக்கு அந்த மாத்திரையால் இடையிடையே உதிரப்போக்கு வந்து குழப்பம் கூடிவிடுவதும் உண்டு.

உடை பற்றியும் கேட்கிறார்கள். பெண்களுக்கு இஹ்ராமுக்கென்று வெள்ளை ஆடை கிடையாது. உடலை மறைக்கும் வழக்கமான உடையே போதும். முகத்தோடு ஒட்டிக் கட்டும் நிகாபும் கையுறையும் இஹ்ராமில் கூடாது.

கையைப் பிடிக்கலாமா?

இது ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் ஊர்க் குடும்பங்களுக்கென்றே உள்ள பிரச்சினை. மஹ்ரமல்லாத ஆணும் பெண்ணும் தோலோடு தோல் பட்டால் வுளு முறியும் என்பது ஷாஃபிஈ சட்டம், கணவன் மனைவிக்கும் அதே சட்டம்தான். தவாஃபுக்கோ வுளு வேண்டும். நெரிசலில் மனைவியின் கையைப் பிடிக்காமல் விட்டால் தொலைந்துபோவார், பிடித்தால் வுளு போகும். ஐந்தாவது சுற்றில் இந்தச் சந்தேகம் வந்து நடுவழியில் நின்று விவாதிக்கும் தம்பதியரை மதாஃபில் பார்க்கலாம்.

ஹனஃபி மத்ஹபில் வெறும் தொடுதலால் வுளு முறியாது. நெருக்கடி கருதி, தவாஃபில் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ள ஷாஃபிஈ ஆலிம்கள் பலர் வழிகாட்டுகிறார்கள். அதற்கு அந்த மத்ஹபின் வுளு நிபந்தனைகளையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கும். ஊரிலேயே உங்கள் பள்ளி ஹஜ்ரத்திடம் உட்கார்ந்து கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். முடி குறைப்பதிலும் இரு மத்ஹபுகளுக்கும் அளவில் வேறுபாடு உண்டு. அதையும் சேர்த்துக் கேட்டுவிட்டால் மர்வாவில் கத்திரிக்கோலோடு நின்று யோசிக்க வேண்டியதில்லை. துணி மேல் படுவது ஷாஃபிஈயிலும் வுளுவை முறிக்காது என்பதால், நீளமான கைத்துணியின் இரு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளும் பழைய வழியும் நன்றாகவே வேலை செய்கிறது.

பிள்ளைகள்

நமக்கும் சவூதிக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஊரில் காலை ஐந்து மணிக்கு எழும் பிள்ளை அங்கே போன முதல் இரண்டு மூன்று நாள் இரவு இரண்டரைக்கே விழித்துக்கொள்ளும். பெற்றோர் அதட்டித் தூங்கவைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். முகம் கழுவி, ஒரு பிஸ்கட்டும் பாலும் கொடுத்து ஹரமுக்கு அழைத்துப் போங்கள். வெயில் இல்லை, தஹஜ்ஜுத் நேரம், குழந்தையும் உற்சாகமாக இருக்கிறது. இதற்கு மாறாக இஷா முடியும்போது ஊர்க் கணக்கில் இரவு பதினொன்றை நெருங்கியிருக்கும். அப்போது குழந்தை அடம் பிடித்தால் அது அதன் தவறில்லை. முதல் உம்ராவை வந்து இறங்கிய களைப்போடு இஷாவுக்குப் பின் தொடங்குவதைவிட, சில மணி நேரம் தூங்கி எழுந்து பின்னிரவில் செய்வது சிறுவர்களுக்கு எளிது. அதுவரை இஹ்ராமில் இருந்தால் போதும்.

சிறு குழந்தைக்காக இஹ்ராமின் நிய்யத்தைப் பெற்றோரே வைக்கலாம். விவரம் தெரிந்த பிள்ளை தானே வைக்கலாம். கட்டாயம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். பருவமடையாதவர்மீது உம்ரா கடமையில்லை. தூங்கி விழும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இஹ்ராம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கட்டினால் அதன் சட்டங்கள் என்ன என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், மத்ஹபுக்கு மத்ஹபு மாறும். விமானத்தில் கொடுக்கும் ஈரத் துடைப்பான்களில் நறுமணம் இருக்கும். இஹ்ராமின் நிய்யத்துக்குப் பின் அதைப் பெரியவர்களும் தொடக்கூடாது, மணமில்லாததை ஊரிலிருந்தே எடுத்துப் போகலாம்.

தொலைந்துபோகும் பயம் உண்மையானது. சுதந்திரமாக ஓடும் வயதுப் பிள்ளைக்குக் கையில் பட்டை கட்டி, பெற்றோரின் சவூதி சிம் எண்ணை எழுதிவிடுங்கள். ஒருவரை ஒருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். “வாசலில்” என்றால் போதாது. கிங் அப்துல் அஸீஸ் வாசலுக்கு எண் 1, கிங் ஃபஹத் வாசலுக்கு எண் 79. இப்படி ஒரு எண்ணைப் பெரியவர், சிறியவர் எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். “கடிகாரக் கோபுரத்துக்குக் கீழே” என்பதும் சரிவராது. 601 மீட்டர் உயரத்துக்கு அது எல்லாப் பக்கமும் தெரியும், அதன் கீழே ஓர் ஊரே இருக்கிறது.

பிள்ளைக்குப் பார்ப்பதற்கு முன் கதை தெரிந்திருக்க வேண்டும். ஹாஜர் அம்மாவின் கதை தெரியாமல் ஸயீ செய்யும் பத்து வயதுச் சிறுவனுக்கு அது குளிரூட்டிய நீளமான தாழ்வாரம், அவ்வளவுதான். இஸ்மாயீல் (அலை) அவர்களின் தாகத்தை ஊரிலேயே கேட்டிருந்தால், மர்வாவில் ஏறி இறங்கியபின் குடிக்கும் ஸம்ஸம் வேறாக இருக்கும். இரண்டு மாதம், வாரம் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் உம்மாவோ நன்னியோ சொன்னால் போதும். அங்கே போனபின் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுங்கள். ஸம்ஸம் ஊற்றிக் கொடுப்பது ஒருவன், நன்னிமாவின் செருப்புப் பை இன்னொருத்தி, சுற்றுகளை எண்ணுவது மூன்றாமவர்.

பெரியவர்கள்

நம் வீட்டுப் பெரியவர்களைச் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னால், “நடந்து செஞ்சாத்தான் நன்மை” என்று மறுப்பார்கள். அவர்களிடம் நபி (ஸல்) ஒட்டகத்தில் தவாஃப் செய்ததையும் உம்மு ஸலமா (ரலி) அவர்களின் நிகழ்வையும் சொன்னால் மனம் இறங்குவார்கள். ஷாஃபிஈயில் நடக்க முடிந்தவரும் அமர்ந்து செய்வது செல்லும்; ஹனஃபியில் முடிந்தவர் நடப்பது வாஜிப், இயலாதவருக்கு விலக்கு உண்டு. இலவச நாற்காலிகளும், கூலிக்குத் தள்ளுபவர்களும், மேல்தளத்தில் கட்டணத்தோடு மின்வண்டிகளும் ஹரமில் உண்டு. மகனோ பேரனோ தள்ளுவதில் இருக்கும் நிறைவைக் கூலிக்கு ஆள் வைத்துப் பெற முடியாது. ஆனால் முன்னால் போகிறவரின் குதிகாலில் இடிக்காமல் தள்ளத் தெரிய வேண்டும்.

கீழ்த்தள மதாஃபில் இப்போது ஆண்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் இஹ்ராம் உடையில் உள்ளவர்களையே விடுகிறார்கள். இது தெரியாமல் வாசலில் காவலரோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மேலிருந்து கஅபாவைப் பார்த்தபடி அமர்வது பெரியவர்களுக்கு உண்மையில் இதம். தினமும் ஒரு நேரமாவது பெரியவரை ஹரமுக்குள் அமரவைத்து, இரண்டு தொழுகையை முடித்துத் திரும்பும் வகையில், உதாரணமாக மஃரிபும் இஷாவும், ஏற்பாடு செய்தால் நடையும் மிச்சமாகும், நாளும் நிறையும்.

இரண்டாவது, மூன்றாவது உம்ராவுக்காகத் தன்ஈமில் உள்ள மஸ்ஜித் ஆயிஷாவுக்குப் போகும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். ஹரமிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர்தான், வண்டிகள் கூவி அழைக்கும். ஷாஃபிஈ அறிஞர்கள் உம்ராவை அதிகப்படுத்துவதை விரும்பத்தக்கதாகவே சொல்கிறார்கள். ஒரே பயணத்தில் மீண்டும் மீண்டும் செய்வதைவிடத் தவாஃபை அதிகப்படுத்துவதே மேல் என்போரும் உண்டு. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. ஆயிஷா (ரலி) அவர்களைத் தன்ஈமுக்கு அழைத்துச் சென்றது அவர்களின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி). சகோதரியின் மனக்குறை தீரட்டும் என்று இரவில் ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் காத்திருந்து அழைத்து வந்த அந்த அண்ணனை நம் ஆண்கள் நினைத்துப் பார்க்கலாம். தன் மூன்றாவது உம்ராவை விட்டுவிட்டுப் பிள்ளையை அறையில் வைத்துக்கொண்டு, மனைவியைப் போய் நிதானமாக ஒரு தவாஃப் செய்துவிட்டு வரச் சொல்லும் கணவர் எதையும் இழந்துவிடவில்லை.

ஹஜருல் அஸ்வதை முத்தமிட முட்டி மோதுவதும் இதில் சேரும். கூட்டமென்றால் கையால் சைகை செய்து தக்பீர் சொல்வதே சுன்னத். பலசாலியான உமர் (ரலி) அவர்களிடமே, பலவீனரை நோகடிக்கும்படி அங்கே நெருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆண்களோடு கலக்காமல் ஒதுங்கித் தவாஃப் செய்துகொண்டிருந்த ஆயிஷா (ரலி) அவர்களை ஒரு பெண், வாருங்கள் போய்க் கல்லைத் தொடுவோம் என்று அழைத்தபோது, நீ போ என்று சொல்லி மறுத்துவிட்டார்கள் என்று புகாரியில் இருக்கிறது.

கைப்பேசி பற்றி இரண்டே வரி. ஊரில் படுக்கையில் இருக்கும் வாப்பும்மாவுக்கு ஒருமுறை வீடியோவில் கஅபாவைக் காட்டி அவர் துஆவுக்கு ஆமீன் சொல்வது நல்ல காரியம்தான். தவாஃப் முழுவதையும் நேரலையில் ஓடவிட்டு, வரும் கமெண்டுகளுக்குச் சுற்றிக்கொண்டே பதில் சொல்வதை என்னவென்று சொல்வது?

மதீனாவில்

மதீனா உம்ராவின் பகுதியில்லை என்றாலும் குடும்பத்துக்கு அது ஓய்வும் அமைதியுமான இடம். மக்காவிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர். 2018-இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேருந்தில் குழந்தையோடு போவதைவிட அது எவ்வளவோ மேல். முதலில் மதீனா போகும் குழுக்களுக்கு மீக்காத் துல்ஹுலைஃபா. அங்கே இறங்கி, குளித்து, நிதானமாக இஹ்ராம் கட்டலாம் என்பதால், விமானத்தின் சிறு கழிப்பறையில் சிரமப்பட வேண்டியதில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு இந்த வரிசையையே நாம் பரிந்துரைப்போம். ஆனால் பிறகு வரும் மக்கா நாட்கள் குறையக் கூடாது.

ரவ்ழாவுக்கு நுஸுக் செயலியில் முன்பதிவு வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நேரம் தனித்தனி. நினைத்தபோதெல்லாம் கிடைக்காது என்பதால், செயலியைப் பயன்படுத்தத் தெரியாத உம்மாவுக்கு மகள் முன்கூட்டியே பதிவு செய்து, அன்று கூடவே போக வேண்டும்.

மஸ்ஜிதுந் நபவியின் முற்றத்தில் 250 ராட்சதக் குடைகள் விரிவதைப் பார்க்கவே பிள்ளைகள் சுபுஹுக்குப் பின் காத்திருப்பார்கள். அவர்கள் சத்தம் போட்டால் பெற்றோர் கூசிப்போகிறார்கள். தொழவைத்துக்கொண்டிருக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டு, தாய் தவிப்பாளே என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கியது இதே பள்ளியில்தான். குபாவுக்கு அறையிலேயே வுளு செய்துகொண்டு போய் இரண்டு ரக்அத் தொழுவதற்கு உம்ராவின் நன்மை உண்டு என்று ஹதீஸில் வருகிறது. மக்காவில் மாதவிடாயால் நாட்களை இழந்த பெண்ணை இங்கே மறக்காமல் அழைத்துப் போங்கள்.

ஊர் திரும்பியதும்

ஊர் திரும்பிய முதல் வாரத்தில் நடப்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. உடல் சவூதி நேரத்துக்குப் பழகியிருக்கும். அங்கே சுபுஹுக்கு ஐந்து மணிக்கு எழுந்தவருக்கு அது நம் ஊரில் காலை ஏழரை. பத்து நாள் ஒரு வக்த்தும் ஜமாஅத்தை விடாத குடும்பம், வீட்டுக்கு வந்த மறுநாளே சுபுஹைக் கழாவாக்கிவிடும். பார்க்க வருகிறவர்களுக்கு ஸம்ஸமும் பேரீச்சம்பழமும் கொடுத்து இரவு பன்னிரண்டு வரை பேசிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாளும் அதேதான். பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள்.

அதனால் டிக்கெட் எடுக்கும்போதே, வேலைக்கும் பள்ளிக்கும் போகுமுன் ஊரில் இரண்டு நாள் இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சந்திக்க வருகிறவர்களை அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் வரச் சொல்லுங்கள். முதல் ஒரு வாரம் இஷா முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் இரண்டு அலாரமாவது வையுங்கள். மக்காவில் சுற்றுகளை எண்ணிய பிள்ளையிடமே அதில் ஒன்றைக் கொடுங்கள்.